கரிப்பட்டை அறுந்த இடம்

“நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதாம்மா. தப்பு யார் மேல? எங்க அக்கா மேலயா, என் மேலயா?”

மாசிலாமணி இதைக் கேட்டபோது உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

கேள்வி புதிதல்ல. கரித்திட்டுக்கு ஏறி வந்த நாளிலிருந்து மாசிலாமணி இதையேதான் வேறு வேறு வேஷத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். மனம் அடங்க என்ன வழி என்பார், அதற்குள் அக்கா உட்கார்ந்திருப்பாள். கோபம் எங்கே பிறக்கிறது என்பார், அங்கேயும் அக்காதான்.

கரித்திட்டு பெரிய மேட்டுநிலம். சமவெளியிலிருந்து பார்த்தால் மலையின் தலையை யாரோ சீவி எடுத்ததுபோல் மட்டமாகத் தெரியும். மேலே செம்மண், சோளக்கொல்லை. அதற்கடியில் மணற்பாறை, அதற்கடியில் நிலக்கரி, அதற்கும் கீழே களிமண். பிறகு மறுபடியும் மணற்பாறை, மறுபடியும் கரி. ஓடைகள் மேட்டை அறுத்துக்கொண்டு இறங்கும் இடங்களில் இந்த அடுக்குகள் வெளியே தெரியும்.

ஒரு காலத்தில் துளைபோட்டுப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கரி இருக்கிறது, ஆனால் உடைந்து உடைந்து கிடக்கிறது, தோண்டினால் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டினார்கள். அவர்கள் விட்டுப்போன தகரக் கொட்டகையில்தான் உலகம்மை இருந்தார்.

உலகம்மையும் அவர்களோடு வந்தவர்தான். பாறைகளைப் படித்தவர். மற்றவர்கள் இறங்கிப் போன பிறகும் அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்றார். சில வருடங்களில் ஜனங்கள் அவரைத் தேடி ஏற ஆரம்பித்தார்கள்.

திருநீறு கொடுக்கமாட்டார். மந்திரம் சொல்லமாட்டார். கேட்ட கேள்விக்குப் பதிலாக ஏதாவது ஒரு வேலை கொடுப்பார். ஞானம் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் அந்த வேலைக்குப் பயந்தே ஊர் திரும்பிவிடுவார்கள்.

மாசிலாமணி திரும்பவில்லை. உலகம்மையைவிட வயதில் மூத்தவர். தாலுகா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் வழக்குக்கெல்லாம் தீர்ப்பு வருவதைப் பார்த்துவிட்டு, தன் வழக்குக்கு மட்டும் தீர்ப்பு வராமல் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

வழக்கு இதுதான்.

அவரைப் பெற்றவள் அக்கா வீட்டில் இறந்துபோனாள். சித்திரை வெயில். மாசிலாமணி வெளியூரில் இருந்தார். தகவல் கிடைத்து வண்டி பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா மகன் கொள்ளி வைத்துவிட்டான்.

பொழுது சாயும்வரை வைத்திருந்தோம், அதற்குமேல் உடம்பு தாங்கவில்லை என்றாள் வடிவு அக்கா. காத்திருக்க உனக்கு மனசில்லை என்றார் இவர். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, இனிமேல் எனக்கு அக்கா இல்லை என்று சொல்லிவிட்டு, வாசல்படிகூட ஏறாமல் திரும்பினார்.

அதன் பிறகு அவரும் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

இப்போது அக்கா மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். நாளை மறுநாள். மேட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் வண்டிக்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் இவருக்கே தெரியும். பத்திரிகை வரவில்லை.

அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் இவர் ஒருவர்தான். இவர் மடியில் உட்கார்ந்துதான் அவள் காது குத்திக்கொண்டாள். வலி பொறுக்காமல் இவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தே பிய்த்துவிட்டாள். அவள் மாமன் மாலை இல்லாமல் மணவறைக்குப் போனால் ஊர் என்னவெல்லாம் பேசும் என்று இவருக்குத் தெரியும். அதை நினைத்தால் நெஞ்சு வலித்தது. கூப்பிடாத வீட்டை நினைத்தால் அதைவிட வலித்தது.

“தப்பு அவ மேலன்னா அவ வந்து கூப்பிடட்டும். என் மேலன்னா சொல்லுங்க, இப்பவே கிளம்புறேன்.”

உலகம்மை கீரைத்தட்டை ஒதுக்கி வைத்தார்.

“ஓடைக்கரையில ஒரு கரிப்பட்டை தெரியுமே, பார்த்திருக்கீங்களா?”

“குளிக்கப் போற வழியில இருக்கே.”

“அதைப் புடிச்சுக்கிட்டே போங்க. எங்க போகுதுன்னு பார்த்துட்டு வாங்க.”

மாசிலாமணிக்கு எரிச்சல். இருந்தாலும் போனார்.

ஓடை மேட்டை ஆழமாக அறுத்திருந்தது. கரையில் இடுப்பளவு கனத்துக்குக் கரி, கறுப்பாக, மட்டமாக ஓடியது. மேலே வெளுத்த மணற்பாறை. கீழே சாம்பல்நிறக் களி. மழை கரைத்த இடங்களில் அந்தக் களியில் இலைகளின் அச்சு, நரம்பு நரம்பாகப் பதிந்திருந்தது. எந்தக் காலத்து இலையோ.

அவர் தண்ணீருக்கு மேலே கரைச்சரிவில் இருந்த தடத்தில், ஒரு கையைக் கரிமேல் வைத்துக்கொண்டே நடந்தார். வாய் தன்பாட்டுக்கு வழக்கைச் சொல்லிக்கொண்டு வந்தது. யார் முதலில் என்ன சொன்னார்கள், அதற்கு யார் என்ன சொன்னார்கள். கையில் கரி ஏறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஒரு வளைவில் கைக்குக் கரி தட்டுப்படவில்லை. சொரசொரப்பாக மணற்பாறை இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு தூரம் கூடவே வந்த கரிப்பட்டை அந்த இடத்தில் நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் வெள்ளைச் சுவர்.

திரும்பி வந்து, முடிந்துவிட்டது என்றார்.

“அது முடியாது,” என்றார் உலகம்மை. “இவ்வளவு கனமா வந்தது சும்மா நின்னுபோகாது. தேடுங்க.”

மறுபடியும் போனார். அந்த வெள்ளைச் சுவரைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் எதிர்க்கரையில் ஏறி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. கரை முழுவதும் மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு கோடு. அதற்கு அந்தப் பக்கம், ஓடைத் தண்ணீரை ஒட்டினாற்போல, இரண்டு ஆள் உயரம் கீழே, அதே கரிப்பட்டை. அதே கனம். அதே வெளுத்த பாறை மேலே, அதே களி கீழே.

காணாமல் போன சாட்சி அகப்பட்டுவிட்ட மகிழ்ச்சியோடு வந்து சேர்ந்தார்.

“கண்டுபுடிச்சுட்டேம்மா. அந்தப் பக்கம் அப்படியே சரிஞ்சு கீழ போயிருக்கு.”

“அந்தப் பக்கம் சரிஞ்சுதா? இந்தப் பக்கம் ஒசந்துதா?”

மாசிலாமணி ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அது எப்படிச் சொல்றது?”

“நானும் வருஷக்கணக்காப் பார்க்குறேன். ரெண்டுமே இறங்கியிருக்கலாம், ஒண்ணு கூடுதலா இறங்கியிருக்கலாம். ரெண்டுமே ஏறியிருக்கலாம். ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு விலகியிருக்குன்னு அளந்து சொல்லிடுவேன். எது நகர்ந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

இத்தனை படித்தவரே கைவிரித்தது மாசிலாமணிக்குப் பெரிய ஏமாற்றம். அக்காவைப் பற்றிக் கேட்டால் பாறையைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று குறைப்பட்டுக்கொண்டார். உலகம்மை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அறுந்த இடத்துல நுனி எப்படி இருக்குன்னு பார்த்தீங்களா?”

“நுனியில என்ன இருக்கு?”

உலகம்மை அரிசி களைய எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாசிலாமணி யாரும் சொல்லாமலே ஓடைக்குப் போனார். ஊரில் இந்நேரம் பந்தல்கால் ஊன்றியிருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று மேல்பட்டையின் நுனியைப் பார்த்தார்.

அவ்வளவு தூரம் மட்டமாக வந்த கரி, கடைசி ஒரு கை நீளத்தில் மட்டும் மட்டமாக இல்லை. கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதன்மேல் இருந்த பாறையும் சேர்ந்து வளைந்திருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது. மூச்சிரைக்கக் கொட்டகைக்கு ஏறினார்.

“புரிஞ்சுதும்மா. மேல இருக்கற நுனி கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்கு. மேட்டுல உக்காந்திருக்கிறவன் நான். நான்தான் வளைஞ்சு கொடுக்கணும். அதானே? சொந்தக்காரன் அத்தனை பேரும் இதைத்தான் சொன்னான். இதைச் சொல்ல ஒரு ஓடை வேணுமா?”

உலகம்மை கைவேலையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“எங்க அம்மா முகத்தைக்கூட நான் பார்க்கலம்மா.”

இத்தனை நாளில் அவர் தப்பைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். இதைச் சொன்னதில்லை. சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

உலகம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அழுகை அடங்கும்வரை அப்படியே இருந்தார்.

“அந்தப் பாறை உங்களை வளையச் சொல்லல,” என்றார் பிறகு. “மேல் நுனியைப் பார்த்தீங்க. கீழ இருக்கற நுனி?”

“அது சேத்துக்குள்ள கிடக்கு. ஒண்ணும் தெரியல.”

“கழுவிப் பாருங்க.”

மாசிலாமணிக்கு வாதாட இனிப் பலமில்லை. இறங்கிப் போனார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கீழ்ப்பட்டையின் நுனிமேல் வருஷக்கணக்கான வண்டல் அப்பிக்கிடந்தது. கையால் வழித்தார். வேர்களைப் பிய்த்துப் போட்டார். உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தார். கரி நொறுங்கி நகக்கண்ணில் ஏறியது.

மெல்ல மெல்ல நுனி தெரிந்தது.

அது மேல்நோக்கி வளைந்திருந்தது.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, அந்த நுனி. இங்கே காலடியில், இந்த நுனி. கையை வைத்துத் தடவிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. கீழே இருந்தது மேலே பார்த்துத்தான் வளைந்திருந்தது.

தண்ணீர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

பிறகு கரையேறினார். கொட்டகைக்குப் போகும் தடத்தில் திரும்பவில்லை. ஓடை இறங்கும் பக்கமாகவே இறங்கினார். மாற்று வேட்டி கொட்டகையில் கிடந்தது. மாலை வாங்க வேண்டும் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை.

ஈர வேட்டியோடு மேட்டின் விளிம்பு தாண்டிச் சமவெளிக்கு வந்து சேரும்போது பொழுது போய்விட்டது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அடுத்த பஸ் விடிந்துதான். சாலையோரத்துக் கடை பெஞ்சில் சாய்ந்துகொண்டார்.

அக்கா தெருவுக்குள் நுழைந்தபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நின்று வேடிக்கை பார்த்த அதே தெருவாசிகள் இன்றைக்கும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வரும் வழியெல்லாம் அவர் என்ன பேசுவது என்று கோர்வையாக யோசித்து வைத்திருந்தார். நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஆரம்பிக்கவேண்டும். படிக்கட்டுக்கு வந்ததும் ஆரம்பம் மறந்துவிட்டது.

வடிவு அக்கா பட்டுப்புடவையில் வாசலில் நின்றிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை அவர் கைகளில் வந்து நின்றது.

“கையெல்லாம் என்னடா இது?”

“கரி அக்கா.”

அவள் உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாள் என்றே அவருக்குத் தோன்றியது.

செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். நீட்டுடா என்றாள். அவர் இரண்டு கையையும் நீட்டினார். அவள் ஊற்றினாள். கறுப்புத் தண்ணீர் கோலத்தின் ஓரத்தைக் கலைத்துக்கொண்டு படியில் வழிந்தது.

அவர் முகத்தைப் பார்க்காமல், செம்பைச் சாய்த்தபடியே அக்கா சொன்னாள்:

“நீ நேத்து ராத்திரியே வந்துருவேன்னு வாசக்கதவைச் சாத்தலடா.”