அயர்லாந்து ஆடுகளுக்கு குரூப் போட்டோ

பலசரக்குக் கடை கனிராஜ் அண்ணாச்சி, மக கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க மதுரைலருந்து ட்ரோன்காரனைக் கூப்பிடப் போறாருன்னு தெரிஞ்சதும், எங்க தெரு ஸ்டுடியோ சூசைமரியானுக்குச் சோறு எறங்கல. அந்த ஆர்டர் போச்சுன்னா வருசம் பூரா அவனுக்குப் பாஸ்போர்ட் சைஸ்தான் கதி. தொணைக்கு என்னையும் இழுத்துக்கிட்டு கடைக்குப் போனான். நான் பக்கத்து சைக்கிள் கடை. வேடிக்கை பாக்க நமக்குக் கசக்குமா.

போய் நின்னதும் ஆரம்பிச்சிட்டான். "ட்ரோன் எதுக்கு அண்ணாச்சி? நான் அயர்லாந்துல ட்ரோன் இல்லாமலே வானத்துலருந்து எடுத்தவன்."

"எந்த ஊரு?" அண்ணாச்சி மிளகா வத்தலை நிறுத்துக்கிட்டே கேட்டாரு.

"அயர்லாந்து. இங்கிலாந்துக்கு அந்தப் பக்கம் கடலுக்குள்ள கெடக்கு. அங்க மோஹர்னு ஒரு பாறை. உச்சியில நின்னா கடல் இட்லித்துணி அளவுக்குத்தான் தெரியும். அங்க அடிக்கிற காத்துக்கு நம்ம ஆடிக்காத்து பேரப்பிள்ளை. ஸ்டாண்டை விரிச்சேன், ஸ்டாண்டோட என்னையும் தூக்கிட்டு. கேமரா வாரைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே நாலு ஜில்லா எடுத்தேன். நடுவுல பேட்டரி தீந்துபோச்சு. காத்துதான் சார்ஜ் ஏத்திக் குடுத்துது."

மூட்டை மேல உக்காந்திருந்த அண்ணாச்சி மச்சான் கோயில்பிள்ளை, "காத்து சரி வே. அங்க எந்நேரமும் மழைன்னுல்லா சொல்லுதாவ?"ன்னாரு.

"மழைன்னா சாஞ்ச மழை. குடைய இடுப்புக்குப் புடிக்கணும். நான் கையைத் தூக்கி, 'ஒரு நிமிசம், அப்படியே இருங்க'ன்னேன். கல்யாண மேடையில சொல்லிச் சொல்லிப் பழுத்த குரல் பாத்துக்கிடுங்க. துளியெல்லாம் அந்தரத்துல நின்னுட்டு. குனிஞ்சு குனிஞ்சு நடுவுல போயி எடுத்துட்டு வந்தேன், சட்டை நனையல. ரெண்டு துளி மட்டும் லேசா ஆடிச்சு. அதட்டுனேன்."

அண்ணாச்சி வத்தலை முடிச்சிட்டு மல்லிக்குப் போனாரு. விடுவானா இவன்.

"அப்புறம் ஆடு. மலை பூரா செம்மறி, நானூறு உருப்படி. ஆட்டுக்காரர் பேரு ஷேமஸ். 'தம்பி, எங்க குடும்பத்தை ஒரு குரூப் போட்டோ எடு'ன்னாரு. உசரம் பின்னால, குட்டை முன்னால, குட்டியெல்லாம் மடியில. அமுக்குற நேரம் ஒரு ஆடு கண்ணை மூடிட்டு. அடுத்த தடவை இன்னொண்ணு. பதினேழாவது தடவை எல்லாம் முழிச்சிருக்கு. அப்பம் பாறைக்குப் பின்னால ஒரு கிழட்டு ஆடு, 'எங்களை மேடைக்குக் கூப்பிடவே இல்ல, நாங்க சாப்பிடாமக் கிளம்புதோம்'னு மூஞ்சைத் தூக்கிட்டு நிக்கி. மாப்பிள்ளைக் கெடாவுக்குப் பெரியப்பாவாம்."

சொல்லிட்டு அந்த ஆடு மாதிரியே கழுத்தை வெட்டித் திருப்பிக் காட்டுனான். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துட்டு. மூத்த மக கல்யாணத்துல அதே சண்டையில அவரு பட்டது கொஞ்சமா.

"பெரியப்பாவை எப்படி வே சமாதானம் பண்ணீரு?"

"தனியா நிக்க வச்சு மூணு போட்டோ எடுத்தேன். சால்வை போத்தலாம்னு பாத்தா, அவரு சால்வையோடயே பொறந்தவரு."

அண்ணாச்சி வயித்தைப் புடிச்சிக்கிட்டாரு. ஆர்டர் கெடச்சாச்சுன்னே நானும் நெனச்சேன்.

"சரி வே. அந்த ஆல்பத்தைக் கொண்டாரும். பாத்துட்டு உமக்கே குடுத்துருதேன்."

வீட்டுல இருக்கு, நாளைக்குக் கொண்டாரேன்னு சொல்லிருக்கலாம். அவன் வாய் கேக்கணும்லா.

"அதை ஏன் கேக்கிய. அந்த ஊருப் புல்லு பச்சை இருக்கே, போட்டோவுலயும் வாசம் அடிக்கும். ஸ்டுடியோ வாசல்ல ஆல்பத்தைக் காய வச்சேன், தெருவுல போன மாடு அட்டையோட தின்னுட்டு. அன்னைலருந்து அது வெயில்ல நிக்க மாட்டேங்கி. மழை பெஞ்சாத்தான் பால் கறக்கு."

கோயில்பிள்ளை சிரிச்ச சிரிப்புல மூட்டையிலருந்து சரிஞ்சிட்டாரு. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழத்தி, வேட்டி நுனியில நிதானமாத் துடைச்சாரு.

"கல்யாணம் எங்க தோட்டத்து வீட்டுல வே. அங்க ஆறு மாடு நிக்கி. உம்ம கையில ஆல்பத்தைக் குடுத்தா சரிவராது. மச்சான், அந்த மதுரைக்காரனுக்குப் போனைப் போடு."