பாறையில் உடைந்த தேன் புட்டி

மஞ்சனேரிக் காட்டில் அந்தக் கோடைக்கு ஒரே ஒரு சுனைதான் வற்றாமல் இருந்தது. சுனைக்குப் போகும் வழியில் அகலமான வழுவழுப்பான பாறை. அதைத் தாண்டாமல் யாரும் தண்ணீர் குடிக்க முடியாது. புலிராஜா வரிவேந்தன் சபை கூட்டுவதும் அந்தப் பாறையின் மேல்தான்.

ஒருநாள் காலை, ஒரு குரங்கு பச்சைக் கண்ணாடிப் புட்டி நிறையத் தேன் கொண்டுவந்தது. மலைப்பாதையில் யாரோ வழிப்போக்கர் மறந்து வைத்துவிட்டுப் போனது. ராஜாவுக்குக் காணிக்கை கொடுக்கக் குரங்குக்கு ஆசை.

"நில்! ராஜாவுக்கு எதையும் மந்திரி கையால்தான் கொடுக்க வேண்டும்!" என்று நரி மந்திரி மதிவாணன் புட்டியைப் பிடுங்கிக்கொண்டது. பிறகு சபையைப் பார்த்துப் பேசத் தொடங்கியது. "பெரியோர்களே! இந்தத் தேனைத் தேடி நான் பட்ட பாடு..."

பாடு முடிவதற்குள் புட்டி நழுவியது. படீர்! கண்ணாடி நாலாபக்கமும் தெறித்தது.

"யாரும் அசையாதீர்கள்!" என்று ஒரு குரல் கேட்டது. சபையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த முள்ளம்பன்றி வேலம்மைதான் அது. "நின்ற இடத்திலேயே நில்லுங்கள். காலடியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராகப் பின்னால் போங்கள்!"

நரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ராஜா இருக்கும் சபையில் கட்டளை போட நீ யார்?"

"நான் குத்தும் பொருளை முதுகில் சுமந்துகொண்டு குடித்தனம் நடத்துகிறவள், மந்திரியாரே. கூரானதை எப்படிக் கையாள வேண்டும் என்று எனக்குத் தெரியும்."

அவள் பேச்சை யார் கேட்டார்கள்? கரடி தேனைக் கண்டதும் ஓடிவந்து பாறையை நக்கியது. "ஐயோ, என் நாக்கு!" என்று அலறிக்கொண்டு திரும்பி ஓடியது. யானை, "இதெல்லாம் ஒரு வேலையா? ஒரே ஊது!" என்று தும்பிக்கையால் ஊதியது. நடுவில் கிடந்த சில்லுகள் பாறை முழுக்கப் பரவின. குரங்கு வாலால் பெருக்கிப் பார்த்தது. அதன்பிறகு ஒரு வாரத்துக்கு அந்த வாலை அது யாருக்கும் காட்டவில்லை.

"சுத்தம் செய்வது பிறகு. முதலில் விசாரணை!" என்றது நரி. விசாரணைக் குழுவுக்குத் தலைவரும் நரி, சாட்சியும் நரி. மத்தியானம் தீர்ப்பு வந்தது.

"மகாராஜா! குற்றவாளி பாறைதான். அது மெத்தென்று இருந்திருந்தால் புட்டி உடைந்திருக்குமா?"

"அடடா! நியாயம்தான்!" என்றார் ராஜா. பாறையை வன்மையாகக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டார்கள்.

பிறகு நரி, ஆட்களை விட்டுப் பாறை முழுவதும் தேக்கிலைகளைப் பரப்பச் சொன்னது. பச்சைப்பசேலென்று கம்பளம் விரித்தது போல் இருந்தது. "கண்ணுக்குத் தெரியவில்லை அல்லவா? அப்படியானால் இல்லை! நாளை மறுநாள் பௌர்ணமி. அன்று தூய்மைத் திருவிழா!" என்று அறிவித்தது.

மறுநாள் மருதி என்ற புள்ளிமான் தன் இரண்டு குட்டிகளோடு தண்ணீருக்கு வந்தாள். குட்டிகள் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "நான் முன்னால் போய்ப் பார்க்கிறேன், நீங்கள் இங்கேயே நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு இலைமேல் நான்கு அடி வைத்தாள். ஐந்தாவது அடியில் குளம்பின் பிளவுக்குள் ஒரு சில்லு ஏறியது. மருதி நொண்டிக்கொண்டே திரும்பினாள். தண்ணீர் குடிக்காத தாய்க்குப் பால் எங்கே சுரக்கும்? சாயங்காலத்துக்குள் குட்டிகள் சுருண்டு படுத்துவிட்டன. வேலம்மை வாழைப்பட்டையில் தண்ணீர் மொண்டு, பாறைக்குப் பின்பக்கம் வேறு யாரும் நுழைய முடியாத முட்புதருக்குள் புகுந்து கொண்டுவந்து கொடுத்தாள். வரும் வழியில் பாதி சிந்திவிட்டது.

"மந்திரியாரே, மான் காலில் கண்ணாடி ஏறியிருக்கிறது!" என்று முறையிட்டாள்.

"கண்ணாடி ஏது? அதற்கு நடக்கத் தெரியவில்லை!" என்றது நரி. அன்றே காட்டில் எல்லோருக்கும் நடைப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நன்றாக நடந்த நத்தைக்கு முதல் பரிசு கிடைத்தது. அது இன்னும் வகுப்புக்கே வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம்.

திருவிழா நாள் வந்தது. ராஜா வரிவேந்தன் கம்பீரமாக இலைக் கம்பளத்தின் மேல் நடந்து வந்தார். மூன்றே அடிதான்.

"ஆ...!"

அந்தக் கர்ஜனையில் மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் பறந்துபோயின. ராஜாவின் முன்கால் ரத்தத்தில் நனைந்தது.

நரி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "சதி! இது முள்ளம்பன்றியின் முள், மகாராஜா! திருவிழாவைக் கெடுக்க வேண்டுமென்றே உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறாள். காட்டைவிட்டே துரத்துங்கள்!"

காவல் செந்நாய்கள் வேலம்மையைச் சுற்றி வளைத்தன. அவள் ராஜாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மகாராஜா, குத்தியதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் துரத்துங்கள்."

உதிர்ந்த முட்கள் இரண்டை இடுக்கி போலப் பிடித்து, ராஜாவின் பாதத்திலிருந்து சில்லை மெதுவாக உருவி எடுத்தாள். அதை வெயிலில் தூக்கிக் காட்டினாள். அது பச்சையாக மினுங்கியது.

"என் முள்ளுக்குள் சூரியன் தெரியுமா, மகாராஜா?"

வரிவேந்தன் சில்லைப் பார்த்தார். நரியைப் பார்த்தார். நரி வானத்தைப் பார்த்தது.

"வேலம்மா, இதை நீயே சுத்தம் செய்" என்றார் ராஜா.

"செய்கிறேன். ஆனால் எல்லோரும் விலகி நிற்க வேண்டும். நீங்களும்தான்!"

ராஜா பின்னால் நகர்ந்தார். அவரே நகர்ந்த பிறகு மற்றவர்கள் நிற்பார்களா?

வேலம்மை மரப்பட்டையை நாரால் காலில் கட்டிக்கொண்டாள். தேக்கிலைகளை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவுக்குச் சுருட்டினாள். பெரிய துண்டுகளை முள் இடுக்கியால் எடுத்து, காய்ந்த சுரைக்குடுக்கைக்குள் போட்டாள். விளார்க் குச்சிகளைக் கட்டித் துடைப்பமாக்கி, ஓரத்திலிருந்து உள்பக்கமாகவே பெருக்கினாள்.

"ஆயிற்று, ஆயிற்று! பாறை பளிச்சென்று இருக்கிறது. விழாவைத் தொடங்கலாம்!" என்றது நரி.

"அப்படியா? நீங்களே முதலில் நடந்து காட்டுங்கள்."

"எனக்கு... இன்று விரதம். நடக்கக் கூடாது."

வேலம்மை வேலையைத் தொடர்ந்தாள். ஈரக் களிமண்ணை உருட்டி, பாறையில் அங்குலம் அங்குலமாக ஒற்றி எடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத பொடியெல்லாம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டது. வெயில் சாய்ந்ததும் கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தாள். சாய்ந்த வெளிச்சத்தில் தூரத்தில் ஒரு மினுக்கு. போய் ஒற்றினாள். மறுபடி படுத்துப் பார்த்தாள். இன்னொன்று! இப்படி ஏழு தடவை பார்த்தாள். எட்டாவது தடவை எதுவும் மினுங்கவில்லை. மருதியின் குளம்பில் ஏறியிருந்த சில்லையும் முள் இடுக்கியால் உருவிக் குடுக்கையில் போட்டாள்.

"சுரைக்குடுக்கையைச் சுனையில் எறிந்துவிடலாமே?" என்று கேட்டது யானை.

"அப்புறம் சுனையில் இறங்குகிறவர்கள் கால் என்ன ஆகும்?" என்றாள் வேலம்மை. குடுக்கை, களிமண், இலைகள், துடைப்பம் எல்லாவற்றையும் யாரும் நடக்காத இடத்தில் ஆழக் குழிதோண்டிப் புதைத்தாள். மேலே பெரிய கல்லை உருட்டி வைக்கச் சொன்னாள். அந்த வேலையை மட்டும் யானை ஒழுங்காகச் செய்தது.

பிறகு அவளே காலில் கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டு, வெறுங்காலோடு பாறையில் இங்கும் அங்கும் நடந்தாள். "வா, மருதி!" என்று கூப்பிட்டாள்.

மருதி நொண்டி நொண்டி வந்தாள். குட்டிகள் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நடந்தன. மூன்று பேரும் தண்ணீரில் வாய் வைத்த சத்தம் பாறைவரை கேட்டது. அடுத்த நொடி காடே சுனைக்கு ஓடியது. ராஜாவும் நொண்டிக்கொண்டு ஓடினார்.

பாறையின் நடுவில் நரி மட்டும் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பெரியோர்களே! என் தலைமையில் நடந்த இந்தத் தூய்மைப் பணியில் நான் பட்ட பாடு..."

கேட்பதற்கு அங்கே ஓர் ஈ கூட இல்லை.

உடைந்ததை மூடி மறைத்தால் அது யாருடைய காலிலாவது ஏறியே தீரும். உடனே ஒப்புக்கொண்டு, பொறுமையாகக் கடைசித் துணுக்குவரை பொறுக்கினால்தான் எல்லோரும் நிம்மதியாக நடக்க முடியும்.