வேலிக்கு அந்தப் பக்கத்துக் களாக்காய்

ஒரு ஊர்ல ஒரு களாச்செடி வேலி இருந்துச்சு. வேலி முழுக்க முள்ளு. இந்தப் பக்கம் வெள்ளச்சி வீடு, அந்தப் பக்கம் அவ ஓரகத்தி பூவாயி வீடு. அண்ணன் தம்பியக் கட்டுனவங்கதான், ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஏன் தெரியுமா? உப்பு, ஊறுகா எல்லாம் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு சொல்லுவாங்கல்ல? கீழ வெச்சுத்தான் எடுக்கணும். ஒருநா அவசரத்துல வெள்ளச்சி பூவாயிகிட்ட உப்பக் கையில வாங்கிட்டா. சாயங்காலமே, உன் ஆடு என் கொல்லையில மேஞ்சிடுச்சுன்னு சண்டை. ஆடு மேஞ்சதுக்கு உப்பு என்ன பண்ணும்? ஆனா வெள்ளச்சி உப்பு மேலதான் பழியப் போட்டா. ம் கொட்டுறியா?

அப்புறம் வெள்ளச்சி மக சிட்டு, வயித்துல புள்ளையோட அம்மா வீட்டுக்கு வந்தா. எதத் தின்னாலும் உவ்வே உவ்வேன்னு வாந்தி. கண்ணு குழி விழுந்து போச்சு. "களாக்காய் ஊறுகா இருந்தா கஞ்சி எறங்கும்மா"ன்னா. பெத்தவளுக்குத் தாங்குமா?

வெள்ளச்சி வேலிக்கு ஓடுனா. இந்தப் பக்கம் நெழலு, வெறும் பிஞ்சு. செங்காயெல்லாம் வெயிலு விழுற அந்தப் பக்கம். கைய விட்டுப் பாத்தா, சரக் சரக்னு முள்ளு கீறிடுச்சு. அப்புறம் தொரட்டி போட்டு இழுத்தா, பொத்து பொத்துன்னு காயெல்லாம் அந்தப் பக்கமே விழுந்துச்சு. அப்புறம் பிஞ்சையே பறிச்சு உப்புப் போட்டா. பால் பிசுபிசுன்னு ஒட்டுது, ஒரே துவர்ப்பு. சிட்டு வாயில வெச்சா, உவ்வே.

அப்போ வெள்ளச்சி வேலியோரமா உக்காந்து அழுதா. கேட்டா பூவாயி குடுப்பா, ஆனா கூப்பிட வாய் வரல. வீம்பு முள்ள விடப் பொல்லாதது, சாமி.

அப்போ வேலியில சலசலன்னு சத்தம். சந்து வழியா ஒரு கை வந்துச்சு. கையில கிண்ணம், கிண்ணத்துல நல்லெண்ணெய் மெதக்குற களாக்காய் ஊறுகா.

"புள்ள ஓங்கரிக்கிறது தெனமும் காதுல விழுது. அதான் போட்டு வெயில்ல வெச்சேன்"னா பூவாயி.

"கீழ வெய்யிக்கா. கையில வாங்குனா சண்டை வரும்."

"கீழ பூரா முள்ளு, எங்க வெக்கிறது? வர வேண்டிய சண்டையெல்லாம் வந்தாச்சு, இனி வர என்னடி இருக்கு? கை கடுக்குது, புடி."

வெள்ளச்சி ரெண்டு கையாலயும் வாங்குனா. பூவாயி கையிலயும் முள்ளு கீறியிருந்துச்சு.

அன்னிக்கு சிட்டு கஞ்சி குடிச்சா. வயித்துல தங்குச்சு.

அப்புறம் சண்டை வரலையான்னு கேக்குறியா? வந்துச்சே. மறு வாரமே ஆடு திரும்பக் கொல்லைக்குள்ள பூந்துச்சு. ஆனா இந்தத் தடவ, சண்டை போட்டுக்கிட்டே ரெண்டு பேரும் சேந்து களாக்காய் பறிச்சாங்க.

கதை வேலி தாண்டிப் போயிடுச்சு, நீ கண்ண மூடு.