கடைக்குள்ளே மிச்சம் ஒண்ணு

"கடை திறக்க மாட்டேங்கு, டீச்சர்."

படி ஏறும்போதே தங்கப்பழம் அண்ணாச்சி புகாரோடுதான் ஏறினார். தோளில் லேப்டாப் பை. முகத்தில் கணக்குப் பரீட்சையில் தோற்ற களை.

ஜமீலா டீச்சர் நாற்காலியைக் காட்டினார்.

தென்காசியில் மிக்ஸி, கிரைண்டர், குக்கர் உதிரிபாகம் விற்கிறவர் அண்ணாச்சி. கம்பெனியே மூடிப்போன மிக்ஸிக்கும் அவரிடம் பிளேடு இருக்கும். மும்பையிலிருந்துகூட போன் வரும்: "எங்க அம்மா மிக்ஸிக்கு ஒரு புஷ் வேணுமே, கிடைக்குமா?"

இப்போது ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். தை பிறந்தால் கடை இருக்காது. வேறு பிழைப்பு அவருக்குத் தெரியாது. பெரிய ஆன்லைன் கடைக்காரர்களோ, பார்கோடு இல்லாத பழைய சாமானைத் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆக, இணையத்தில் சொந்தமாக ஒரு கடை போட்டாக வேண்டும். இல்லையென்றால் இந்த வயதில் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஜமீலா டீச்சர் கடையநல்லூர்க்காரர். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தார். இப்போது வீட்டிலிருந்தே நாலு கம்பெனிக்குச் சர்வர் பார்க்கிறார். அண்ணாச்சிக்கு மகள் வயது. இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான்.

கடையை வைக்க இணையத்தில் ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்ததும், உள்ளே போக அண்ணாச்சிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என ஆளுக்கு ஒரு கணக்கு, இரண்டுக்கும் முழு அதிகாரம் என்று முதல் நாளே டீச்சர் போட்டுக் கொடுத்திருந்தார். "மிச்சத்தை நீங்கதான் போடணும்" என்றும் சொல்லியிருந்தார்.

"கடை மென்பொருளை இறக்கி, பிரிச்சு, உள்ள வெச்சேன். முகவரியை அடிச்சா வெள்ளைப் பக்கம் வருது. வெறும் வெள்ளை. நீங்களே போட்டுக் குடுத்துருங்களேன் டீச்சர், உங்களுக்கு அரை மணி நேர வேலை."

"அரை மணி நேரம்தான். பெறவு?"

"பெறவு என்ன, ஓடும்."

"ஒருநாள் நின்னா?"

அடுப்படியில் குக்கர் விசில் அடிக்காமல் பக்கவாட்டில் சீறியது. அவர் காது தானாகத் திரும்பியது.

"கேஸ்கட் போயிட்டு. அஞ்சு லிட்டர்தானே? நாளைக்கே கொண்டாரேன்."

"வேண்டாம். உங்க கடை திறக்கட்டும், வாங்கிக்கிடுதேன்."

"அதுவரைக்கும் சோறு வேகணுமே!"

"மெதுவா வேகும்."

இது என்ன வீம்பு என்று அண்ணாச்சிக்குப் புரியவில்லை. மறுநாள் கடையில் ஒரு அஞ்சு லிட்டர் கேஸ்கட்டை எடுத்து லேப்டாப் பைக்கு அடியில் போட்டுவைத்தார். எதுக்கும் இருக்கட்டும்.

*

"ஒருத்தர் மிக்ஸியைக் கொண்டாந்து, ஓட மாட்டேங்குன்னு சொன்னா என்ன செய்வீங்க?" அண்ணாச்சி மறுபடி வந்தபோது டீச்சர் கேட்டார்.

"அடிமூடியைக் கழட்டுவேன்."

"மேலோட்டமா பாத்தா போதாதா?"

"மேல என்னத்தத் தெரியும் டீச்சர்? வெள்ளையாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அண்ணாச்சி சட்டென்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டீச்சர் குக்கரைப் பார்க்க எழுந்து போனார். சோறு மெதுவாகத்தான் வெந்தது. திரும்பி வந்தபோது, சர்வர் தன் கோளாறுகளை எழுதிவைக்கிற கோப்பைத் திறந்து, அண்ணாச்சி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

"டீச்சர்! படத்தைச் சின்னதாக்குற பாகம் ஒண்ணு இந்தச் சர்வர்லயே இல்லையாம். ஸ்பேர் இல்ல டீச்சர்! கேவலம், ஒரு ஸ்பேர் இல்ல!"

தமிழ்நாட்டுக்கே ஸ்பேர் விற்கிற மனிதர் அப்படிச் சிரித்தார். அந்தப் பாகத்தைப் போட்டு, வெப் சர்வரை ஒருமுறை நிறுத்திக் கிளப்பினார். வெள்ளை போய், கடையை நிறுவும் வேலையின் முதல் பக்கம் வந்தது.

"ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய மென்பொருளை யாரோ எங்கேயோ இருந்து எழுதி, சும்மா எடுத்துக்கோன்னு வெச்சிருக்கானே. ஏதும் உள்குத்து இருக்குமோ?"

"குத்தாலத்துல அருவி துட்டு கேக்குதா?"

"அருவி கேக்கல. பார்க்கிங்காரன் கேக்கான்."

"சர்வர் வாடகை குடுக்கீங்கல்லா? அதான் பார்க்கிங்."

*

அடுத்த வாரம் அண்ணாச்சி வாசலிலேயே அல்வாப் பொட்டலத்தை நீட்டினார்.

"பாதி வழி தாண்டிட்டேன், டீச்சர். 'படம் வைக்கிற அடைவுல, அதான் ஃபோல்டர்ல, எழுத அனுமதி இல்ல'ன்னு மல்லுக்கு நின்னுச்சு. இணையத்துல ஒரு புண்ணியவான் ஒரே வரியில வழி சொன்னான். எல்லாக் கோப்புக்கும், எல்லாருக்கும், எல்லா அனுமதியும் குடுத்துட்டேன். வழுக்கிக்கிட்டுப் போவுது!"

டீச்சர் அல்வாவை வாங்கிக்கொண்டார். ஒரு விள்ளல் வாயில் போட்டார். செருப்பை மாட்டினார்.

"வாங்க, உங்க கடையைப் பாத்துட்டு வருவோம்."

இருவரும் தென்காசிக்குப் பஸ் ஏறினார்கள். அண்ணாச்சி கடையைத் திறந்ததும் டீச்சர் உள்ளே நுழைந்து, அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய கிரைண்டர் கல் ஒன்றைத் தடவிப் பார்த்தார். பிறகு ஷட்டரின் வளையத்தில் தொங்கிய பூட்டைக் கழற்றி, கைப்பையில் போட்டு, வந்த வழியே போய் பஸ் ஏறிவிட்டார்.

"டீச்சர்! பூட்டு!"

பஸ் போய்விட்டது.

அண்ணாச்சி கடையில் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது. எழுந்து போக முடியவில்லை. வேறு பூட்டு வாங்கலாம், ஆனால் அதற்கும் கடையை விட்டுத்தானே போக வேண்டும்! பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அவருக்கும் இதே மிக்ஸி வியாபாரம். கடை திறந்ததிலிருந்தே இந்தப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பசி வயிற்றைக் கிள்ளியது. கோபம் கோபமாக வந்தது. பொம்பளைப் பிள்ளை, இவ்வளவு பெரிய மனுஷனை இப்படியா உட்கார வைப்பாள்?

கோபத்தோடேயே லேப்டாப்பைத் திறந்தார். எல்லாருக்கும், எல்லா அனுமதியும். தான் அடித்த வரியை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு ஒவ்வொரு அடைவாக மூட ஆரம்பித்தார். படம் வைக்கிற இடத்தில் மட்டும், வெப் சர்வர் மட்டும் எழுதலாம். மற்றவருக்கு வாசலோடு சரி.

முடித்துவிட்டு டீச்சருக்குப் போன் போட்டார்.

"பூட்டு வேணும், டீச்சர்."

"எதுக்கு? எல்லாருக்கும் வழுக்கிக்கிட்டுப் போவும்லா?"

"அல்வா தந்தவனைப் பட்டினி போடலாமா? மூடிட்டேன் தாயே. எல்லாத்தையும் மூடிட்டேன்."

டீச்சர் பூட்டை அடுத்த பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்.

*

மார்கழியில் நிறுவல் முடிந்தது. அண்ணாச்சியின் கடை திரையில் எழுந்து நின்றது. மேலே ஒரு சிவப்புப் பட்டையில் எச்சரிக்கை: நிறுவல் அடைவை அழித்த பிறகே கடை திறக்கும்.

"இவ்வளவு பாடுபட்டது அதை வெச்சுத்தானே டீச்சர்? ஓரமா கிடந்துட்டுப் போவட்டுமே. பின்னால உதவும்."

"அது கிடந்தா, வழியில போறவன்கூட உங்க கடையை முதல்ல இருந்து அவன் பேருல போட்டுக்கிடலாம்."

அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் அழித்தார். சிவப்புப் பட்டை மறைந்தது.

"திறந்திரவா?"

"இல்ல. இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு."

"அதான் அழிச்சாச்சே!"

"கடை போட வந்தது. போட்டு முடிச்ச பெறவு உள்ள இருக்கக் கூடாது. என்னன்னு பாத்துட்டுத் திறங்க."

அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது. தை நெருங்குகிறது. ஊரெல்லாம் மஞ்சளும் கரும்பும் வாங்கப் பணம் எடுத்துவைக்கிறது. இவர் சர்வருக்குள் பேய் தேடுகிறார்.

"இறக்கின மூட்டைக் கோப்பு அப்படியே கிடந்துச்சு. அதுவா?"

"அதையும் அழிங்க. அது இல்ல."

"சோதனைக்குன்னு போட்ட பொய்ச் சாமான்?"

"அது இல்ல."

"டீச்சர், நீங்க விளையாடலையே?"

"என்னைக்கு விளையாடியிருக்கேன்?"

பூட்டைக் கொண்டு ஓடியது யார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

*

கடையைக் காலி செய்கிற நாள் வந்தது. சாமானெல்லாம் வீட்டு மச்சுக்குப் போய்விட்டது. கட்டடச் சொந்தக்காரர் வேலாயுதம் வந்து கையை நீட்டினார்.

"சாவி."

"நாளைக்கு இடிக்கப் போற கடைக்கு எதுக்குவே சாவி?"

"இடிக்கிற வரைக்கும் என் கடைதானவே?"

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

"மாத்துச் சாவியும் இருக்கும்லா? அதையும் தாரும். உம்மை நம்பாம இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு பேச்சுண்டா நமக்குள்ள? ஆனா என் கடைச் சாவி என்கிட்டதான் இருக்கணும்."

மாற்றுச் சாவியை எடுத்த கை பாதியில் நின்றது.

அண்ணாச்சியின் கண் எங்கோ போய்விட்டது. சர்வருக்குள் போக இரண்டு கணக்கு. இரண்டுக்கும் முழு அதிகாரம். தேடித் தேடிப் பார்த்தபோதெல்லாம் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. 'இது நம்ம டீச்சர்லா' என்று தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்.

"என்னவே, கிறுகிறுப்பா?" என்றார் வேலாயுதம்.

சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

*

"கண்டுபிடிச்சுட்டேன், டீச்சர்."

குரலில் சந்தோஷம் இல்லை.

"என்ன?"

"நீங்கதான்."

டீச்சர் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்னால ஆகாது. நீங்க இல்லைன்னா எனக்கு இந்த லினக்ஸும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. வாழ வழி காட்டினவங்களை வாசலுக்கு வெளிய தள்ளவா?"

"கணக்கைத்தான் அழிக்கணும். என்னைய இல்ல."

"உங்க மேல எனக்குச் சந்தேகமா? சொல்லுங்க!"

"டீ ஆறுது."

டீ ஆறிக்கொண்டுதான் இருந்தது. அண்ணாச்சி தொடவில்லை.

"நாளைக்கே கடை நின்னு போச்சுன்னா நான் யாரைக் கூப்பிட?"

"என் போன் நம்பரை அழிக்கச் சொல்லலையே."

அண்ணாச்சி லேப்டாப்பைத் திறந்தார். கட்டளையை அடித்தார். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். கண் கலங்கி எழுத்து மங்கியது, துண்டால் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை சரிபார்த்தார். பிறகு என்டரைத் தட்டினார்.

"உள்ள வந்து பாருங்க" என்றார்.

டீச்சர் தன் லேப்டாப்பில் முயன்றார். சர்வர் அவரை உள்ளே விடவில்லை. அனுமதி இல்லை என்றது.

டீச்சர் திரையை அண்ணாச்சி பக்கம் திருப்பிக் காட்டினார். மகள் முதல் மார்க் வாங்கிக்கொண்டு வந்தால் தாய் எப்படிச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்தார்.

"திறங்க, அண்ணாச்சி."

அண்ணாச்சி கடையைத் திறந்தார்.

டீச்சர் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். உள்ளே குக்கர் சீறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஆறிப்போன டீயைக் குடித்தார்.

சட்டைப் பையில் போன் சிணுங்கியது. கடையிலிருந்து செய்தி. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வாசித்தார்.

முதல் ஆர்டர். குக்கர் கேஸ்கட், அஞ்சு லிட்டர், ஒண்ணு. ஜமீலா, கடையநல்லூர்.

"எப்ப வந்து சேரும்?" என்று அடுப்படியிலிருந்து குரல் கேட்டது.

அண்ணாச்சி லேப்டாப் பையின் அடியில் கையை விட்டார்.