பெலிக்ஸ் வைத்த சுருதி

பாதிக் கதையிலேயே விடை சொல்லக் கை தூக்குகிறவர்கள் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். மற்றவர்கள் காதைக் கொடுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது. நான் எதையும் ஒளிக்கப் போவதில்லை.

திருச்சி பொன்மலையில் பெலிக்ஸ் என்று ஒருவன் இருந்தான். மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். அவன் மனைவி இமெல்டா அதே குழுவில் பாடகி. நல்ல குரல்தான், ஆனால் மேலே ஏறாது. அதற்காகவே அவன் கிட்டாரின் சுருதியை அரைக்கட்டை இறக்கி வைத்திருந்தான். பெண்டாட்டிக்குப் பயந்த கிட்டார் என்று குழுவே கேலி செய்யும். அவனும் சேர்ந்து சிரிப்பான். சுருதி சேர்க்கிற கருவி ஒன்று வீட்டில் இருந்தது. தூசு தட்டக்கூட அவன் அதை எடுத்ததில்லை. "மெஷின் எதுக்கு, நீ இருக்கியே" என்பான். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே "ம்ம்" என்று ஒரு சுரம் பிடிப்பாள். எத்தனை வருஷமானாலும் அதே சுரம்தான். ஒரு கம்பி அதில் வந்து உட்கார்ந்துவிட்டால் மற்ற ஐந்தையும் அதைக் கொண்டே சேர்த்துவிடுவான்.

ஒருமுறை கச்சேரிக்குப் போகையில் கம்பிகளை இறுக்கமாகவே விட்டு, கிட்டாரை வண்டியின் பின்னால் போட்டுவிட்டார்கள். ஒரே குலுக்கல், கழுத்தில் விரிசல். பெலிக்ஸ் பசை வைத்து ஒட்டி மீட்டுவிட்டான். ஆனால் அந்தப் பயம் அவனை விடவில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவன் எழவில்லை. ஆஸ்பத்திரியில் இமெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான். "கிட்டாரை அலமாரியில வச்சு கும்பிடாதே. வாசிக்கிறவன் கையில சேத்துடு. அனுப்புறப்போ கம்பியைத் தளத்திடு, இன்னொரு தடவை உடைஞ்சா ஒட்டாது." அவள் சரி என்றாள். இது முதல் வாக்கு.

அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. கோயிலில்கூட ஊரே பாட, வாயை மூடிக்கொண்டு நிற்பாள்.

வாங்க முன்வந்தவன் சகாயராஜ். அதே குழுவில் இரண்டாவது கிட்டார் வாசித்தவன், இப்போது வேலை கிடைத்து குவஹாத்தியில் இருக்கிறான். கேட்டதற்கு மேலேயே பணம் அனுப்பினான். அது மகளின் கல்லூரிக்குக் கட்டியும் ஆயிற்று. இனி மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. அவன் வைத்த நிபந்தனை ஒன்றுதான். "அண்ணி, அண்ணன் வச்ச சுருதி அப்படியே எனக்கு வரணும். ஒரு தடவை கேட்டாப் போதும்." அவள் அதற்கும் சரி என்றாள். இது இரண்டாவது வாக்கு. இரண்டும் மோதும் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

பார்சல் வண்டி வருகிற நாள் வந்தது. தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தாள். அடியில் தெர்மகோல். கிட்டாரைக் கெட்டியான உறைப்பெட்டிக்குள் கிடத்தி, கழுத்துக்குக் கீழும் தலையைச் சுற்றியும் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தாள். ஆட்டிப் பார்த்தால் அசையக்கூடாது, அவ்வளவுதான். எல்லாம் முடிந்து கம்பித் திருகில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

தளர்த்தினால் சகாயராஜுக்குக் கொடுத்த சொல் போயிற்று. தளர்த்தாவிட்டால் செத்தவனுக்குக் கொடுத்த சொல் போயிற்று. கையோடு கொண்டுபோகலாமே என்பீர்கள். அவள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், அத்தனை நாள் ரயிலில் போய்வர லீவு யார் தருவார்கள்? சகாயராஜையே கேட்கலாமே என்பீர்கள். கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடுவான். அதனால்தான் அவளால் கேட்க முடியவில்லை.

இருக்கிற ஓசையை ஃபோனில் பதிவு செய்து அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தாள். மழையும் வெயிலும் மாறி மாறி வந்ததில் ஆறு கம்பியும் ஆறு பக்கம் போயிருந்தன. யாரும் தொடாமலேயே பெலிக்ஸ் வைத்த சுருதி எப்போதோ போய்விட்டது. தொட்டால் ஒரு பொய், தொடாவிட்டால் இரண்டு பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். திறந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். தெருமுனையில் பார்சல் வண்டியின் ஹாரன் கேட்டது.

அழுகையை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆறு கம்பிகளையும் தளர்த்தினாள். பெட்டியை டேப் போட்டு ஒட்டி வண்டியில் ஏற்றினாள். ஏற்றும்போது அவளுக்குக் கொஞ்சமும் குற்ற உணர்வு இல்லை.

கதை இவ்வளவுதான். இப்போது சொல்லுங்கள்: கம்பியைத் தளர்த்திய இமெல்டா, சகாயராஜுக்குக் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றப் போகிறாள்?

விடை: சகாயராஜ் கேட்டது சுருதியை. கம்பியைத் தொடாதே என்று அவன் சொல்லவே இல்லை, அவளாக அப்படி எடுத்துக்கொண்டாள். பெலிக்ஸ் சுருதியைக் கம்பியிலா வைத்திருந்தான்? அவள் தொண்டையில் அல்லவா வைத்திருந்தான். கிட்டார் கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்த அன்று சகாயராஜ் கூப்பிட்டு, கம்பியெல்லாம் தொளதொளவென்று கிடக்கிறதே என்றான். "ஃபோனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு திருகைப் பிடி" என்றாள் இமெல்டா. முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை "ம்ம்" என்று பிடித்து, கம்பி வந்து அதில் உட்காரும்வரை விடாமல் நின்றாள். மற்ற ஐந்தையும் அவனே சேர்த்துக்கொண்டான். அவளுக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் ஃபோனை வைக்கவில்லை.