கேசரியில் ஒரு முனை

தென்துருவக் கரையில் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை முனையைக் கண்டதும், ஆய்வுக் குழுத் தலைவர் ஆராவமுதன் அதற்குத் தன் பெயரையே சூட்டி வரைபடத்திலும் ஏற்றிவிட்டார். கப்பல் சமையல்காரர் சிலுவைப்பிச்சைக்கு உத்தரவு பறந்தது.

"நாளைக்கு விழா. இந்தக் கரையை அப்படியே கேசரியில செய்யணும். உள்ளதை உள்ளபடி. ஒரு வளைவு பிசகினாலும் உமக்கு வேலை கிடையாது."

சிலுவைப்பிச்சை முன்பு மணப்பாட்டில் மீனவராக இருந்தவர். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களைப் பொருத்திப் பார்த்தே கடலில் இடம் கண்டுபிடிப்பவர். காலையில் முனையின் நுனி பின்னாலிருந்த கறுப்புப் பாறையை மறைத்திருந்தது. மாலையில் பாறை முழுசாகத் தெரிந்தது. கரையில் மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் போய் ரவையை வறுத்தார்.

மறுநாள் விழாவில் மூடியைத் திறந்தால், தட்டில் கரை இருந்தது, முனை இல்லை.

"என் முனை எங்கேய்யா?" என்று சீறினார் தலைவர்.

"உள்ளதை உள்ளபடிதான செய்யச் சொன்னீய சார். வெளிய பாருங்க."

எல்லாரும் சன்னலுக்கு ஓடினார்கள். முனை என்று பெயர் வாங்கிய பனிப்பாறை, தொலைவில் நிதானமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

சிலுவைப்பிச்சை ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

"முனைக்கு வச்ச கேசரி இதுல இருக்கு சார். அது எங்க போய் நிக்குன்னு சொல்லுங்க, அங்கன வச்சிருதேன்."