எதை எதில் ஊற்றுவது

ஆசிட்டையும் தண்ணீரையும் கலக்கச் சொன்னால் நீங்கள் எதை எதில் ஊற்றுவீர்கள்? எப்படி ஊற்றினால் என்ன, இரண்டும் ஒன்றாகத்தானே போகிறது என்கிறீர்களா? சடையாண்டியும் அப்படி நினைத்துக்கொண்டுதான் பவுனுத்தாயியின் பேட்டரிப் பட்டறைக்குத் தொழில் கற்க வந்தார். முதல் நாளே அவள் அந்த நினைப்பை மாற்றிவிட்டாள். குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு.

ஒரு நாள் அவர் சட்டையெல்லாம் ரசத்தோடு வந்து நின்றார்.

"என்னண்ணே, எந்தப் பந்தியில போயி விழுந்தீங்க?"

அவர் சிரிக்கவில்லை.

"மக தட்டை விட்டெறிஞ்சுட்டா தாயி."

மகள் நிரோஷாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை இறந்தே பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்படியே போனால் இவளையும் காப்பாற்ற முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"கெட்டதா ஒரு வார்த்தை சொல்லல தாயி. உனக்கு வயசிருக்கு, அடுத்த வருசமே ஒண்ணு பொறக்கும், எல்லாம் நல்லதுக்குத்தான்னு தெனமும் சொல்றேன். நல்லதச் சொன்னா ஏன் இப்படிப் பொங்குறா? கிட்ட வராதீங்கன்னு கத்துறா."

பவுனுத்தாயி பீங்கான் ஜாடியில் கொஞ்சம் ஆசிட்டை ஊற்றி வைத்தாள். தண்ணீர்க் குவளையை அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல ஊத்துங்கண்ணே."

அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ஆசிட்டு மேலயா? என் கண்ணு போறதுக்கா?"

"நல்ல தண்ணிதானண்ணே. குளுந்த தண்ணி."

"நல்ல தண்ணிதான். விழுந்த எடத்துலயே கொதிச்சு மூஞ்சியில தெறிக்குமே! நீதான சொல்லிக்குடுத்த?"

சொல்லிவிட்டு, கையிலிருந்த குவளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, வேலையப் பாருங்க" என்றாள் அவள்.

பெரிய தொட்டியில் தண்ணீரை நிரப்பினார். ஆசிட்டை நூல் மாதிரி அதில் விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். பாதியில் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்க."

"சுடுது."

"அப்ப நில்லுங்க."

கொஞ்ச நேரம் நின்றார்.

"மிச்சத்த எப்ப தாயி ஊத்துறது?"

"அவசரம் உங்களுக்குத்தாண்ணே. அது ஆறும்போதுதான் ஆறும்."

அன்று சாயங்காலம் அவர் மகள் படுத்திருந்த அறை வாசலில், தரையில் போய் உட்கார்ந்தார்.

"என்ன, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் நிரோஷா, சுவரைப் பார்த்தபடியே.

இல்லை என்று தலையாட்டினார்.

வெகு நேரம் கழித்து அவளே சொன்னாள்: "மூக்கு உங்க மூக்குப்பா."

அடுத்த வருசம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வெரலு நீள நீளமா இருந்துச்சு. நகம்கூட மொளச்சிருந்துச்சு."

அவள் அழுதாள். அவர் எழுந்திருக்கவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. அழுகை நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்றது.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரிச் சீட்டுல வெறும் ஆண் குழந்தைன்னு மட்டும்தான் எழுதியிருக்காங்க. அவனுக்கு ஒரு பேரு வைங்கப்பா."